நூற்றுப் பதினெட்டு நாள் பூட்டு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘சாவி மேடம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இடுப்பில் சாவிக்கொத்து எதுவும் தொங்கவில்லை, வேலை அப்படி. பஸ் கம்பெனிகளுக்கு டிரைவர், கண்டக்டர் டூட்டி அட்டவணை போட்டுத் தரும் மென்பொருளை அங்கே நாற்பது பேர் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேர் எழுதுவதும் ஒரே பொதுக் களஞ்சியத்தில் போய்ச் சேரும். யார் எந்தக் கோப்பைப் பார்க்கலாம், யார் திருத்தலாம், இரண்டு பேர் ஒரே வரியில் கை வைத்து முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் கவனிப்பது அவள். ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்துப் பூட்டிவிட்டால் மற்றவர்கள் அதைப் படிக்கலாம், தொட முடியாது. பூட்டியவரே திறந்துவிட்டால் நல்லது. இல்லையென்றால் சாவி மேடத்துக்கு ஒரு புகார்ச் சீட்டு வரும்.

பதினாலு வருடமாக வந்துகொண்டிருந்தது. “சிஸ்டம் செத்துப் போச்சு” என்று பெரிய எழுத்தில் ஒருவர் எழுதியிருப்பார். போய்ப் பார்த்தால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மறந்திருப்பார். “என் வேலையை எவனோ அழிச்சுட்டான்” என்று இன்னொருவர் குதிப்பார். அழித்தவர் அவரேதான் என்பதைத் தேதி, மணி, நிமிடத்தோடு எடுத்துக் காட்டினால், “அப்படியா மேடம்” என்று காப்பி குடிக்கப் போய்விடுவார். அவள் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை, ஒருவரிடம் தவிர.

அந்த ஒருவர் அவள் கணவர். அதே மாடியில் ஜன்னலோர வரிசையில் உட்கார்ந்து நிரல் எழுதினார். ஆபீஸில் அவர் பெயர் ‘நிதானம்’. மற்றவர்கள் அரை நாளில் முடிக்கிற வேலைக்கு அவருக்கு ஒரு வாரம் வேண்டும். ஆனால் அவர் முடித்ததை யாரும் திரும்பப் பிரித்துப் பார்த்ததில்லை. ஒரு கோப்பை எடுத்தால் பூட்டிவிடுவார். பூட்டினால் லேசில் விடமாட்டார். வீட்டில் மனைவி, ஆபீஸில் சாவி மேடம். இரண்டு இடத்திலும் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: “ஏங்க, அதை எப்பத்தான் விடப் போறீங்க?”

அந்தத் தடவை அது ஓய்வு நேரக் கணக்கு. ஒரு டிரைவர் ஒரு நாள் டூட்டி முடித்ததிலிருந்து மறுநாள் டூட்டி ஏறுவது வரை குறைந்தது பத்து மணி நேரம் இடைவெளி இருக்க வேண்டும். அதைக் கணக்குப் பார்க்கிற கோப்பும் அதைச் சுற்றிய பத்துக் கோப்புகளும் அவரிடம் பூட்டிக் கிடந்தன. டீம் லீடர் மூன்று முறை ஞாபகப்படுத்தினார். கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவள் முறைப்படி ஒரு மெயில் அனுப்பினாள். ‘மேற்கண்ட கோப்புகள் நூற்றுப் பதினெட்டு நாட்களாகத் தங்கள் பெயரில் பூட்டப்பட்டுள்ளன. காரணம் தெரிவிக்கவும் அல்லது விடுவிக்கவும்.’ டீம் லீடருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் நகல் போட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்தார். “மெயில் பார்த்தேன்” என்றார்.

“பார்த்தா மட்டும் போதுமா? பதில் போட வேண்டாமா?”

“நகல் போட்டிருக்க வேண்டாம்.”

“எல்லாருக்கும் போடறதுதான். உங்களுக்குன்னு தனிச் சட்டமா?”

“உனக்குத்தான் அதிகாரம் இருக்கே. எடுத்துக்கயேன்.”

செவ்வாயும் புதனும் துணி காயப்போட்டதா, மகள் காலேஜ் ஃபார்மில் கையெழுத்துப் போட்டாச்சா என்ற அளவுப் பேச்சில் போயின. வியாழக்கிழமை அவர் விடியுமுன்பே கிளம்பிவிட்டார். கொஞ்ச நாளாக வாரத்தில் ஒரு நாள் அப்படிக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாக்கிங் என்று அவள் நினைத்திருந்தாள். ஆறரை மணிக்கு அறிமுகமில்லாத எண்ணிலிருந்து போன் வந்தது. நகரத்தின் மறுகோடியில் ஒரு பஸ் ஸ்டாப்பில் விழுந்துவிட்டாராம். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

வீட்டிலிருந்து ஆபீஸ் தெற்கே. அந்த பஸ் ஸ்டாப் வடக்கே.

வந்தவர்கள் முதலில் அழுதார்கள், அப்புறம் யோசித்தார்கள். நாத்தனார் சமையலறை வாசலில் நின்று அவள் காதில் விழுகிற மாதிரியே யாரிடமோ கேட்டாள், “அந்தப் பக்கம் அண்ணனுக்கு என்ன வேலை?” மாமியார், “சும்மா இரு” என்றாள். சொன்ன விதத்தில் அவளுக்கும் அதே கேள்வி இருந்தது தெரிந்தது. சாவி மேடத்துக்கு மட்டும் அந்தக் கேள்வி எழவே இல்லை. எழாமல் பார்த்துக்கொண்டாளா, இல்லை எழுகிற அளவுக்கு உள்ளே எதுவும் விழித்திருக்கவில்லையா என்று சொல்ல முடியாது. பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்களே, அந்த ஊசியை உடம்பு முழுக்கப் போட்ட மாதிரி இருந்தாள். டம்ளர் கொடுத்தால் வாங்கினாள். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள். அவருடைய ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பித் தர வேண்டும் என்று ஞாபகம் வந்ததும் பையோடு எடுத்து மைத்துனரிடம் கொடுத்தனுப்பினாள். பதினாறு நாள் கழித்து, பதினேழாம் நாள் வேலைக்குப் போனாள்.

நாற்பது பேரும் அவள் முகத்தைப் பார்க்காமல் பார்த்தார்கள். அவள் போய் உட்கார்ந்து மெஷினைத் திறந்தாள். அறுபத்து மூன்று சீட்டுகள் காத்திருந்தன. பாஸ்வேர்ட் மறந்தவர்கள் ஒன்பது பேர். அனுமதி கேட்டவர்கள் பதினைந்து பேர். வரிசையாக முடித்துக்கொண்டே வந்தாள். பதினோரு மணிவாக்கில் டீம் லீடர் வந்து மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன்தான், சங்கடமான பேச்சென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“மேடம், ஒண்ணு இருக்கு. அவசரமில்ல. அதாவது, அவசரம்தான்.”

“சொல்லுங்க சார்.”

“வெள்ளிக்கிழமை புது வெர்ஷன் போகணும். அந்த ஓய்வு நேரக் கோப்பு... அது இன்னும்...”

“பூட்டியிருக்கு.”

“ஆமா. நானே யாரையாவது வெச்சுப் பண்ணிக்கலாம்னு பார்த்தேன். ஆனா அந்த அனுமதி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.”

“சீட்டு போடுங்க சார், செஞ்சுடறேன்.”

அவர் சீட்டுப் போட்டார். அவள் திறந்தாள். பூட்டியவர் பெயர், பதினொரு கோப்பு, நூற்று முப்பத்தேழு நாள். விடுவி என்கிற பொத்தானை அழுத்தியதும் திரை கேட்டது: ‘இந்தப் பயனர் இன்னும் சேமிக்காத மாற்றங்கள் இருக்கலாம். அவை இழக்கப்படும். தொடரவா?’ வாரத்துக்கு நாலு முறை பார்க்கிற கேள்வி. இப்படிக் கேட்டால் பூட்டியவரிடம் போய், “உங்க மெஷின்ல ஏதாவது பாக்கி இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடர வேண்டும் என்பது அவளே எழுதி வைத்த விதி. அவள் ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டு மெஷின் ஸ்டோருக்கு இறங்கிப் போனாள்.

ஸ்டோர்க்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். திரும்பி வந்த லேப்டாப்பை ஒரு வாரத்துக்குள் துடைத்துச் சுத்தம் செய்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

“துடைச்சுட்டீங்களா?”

“இல்ல மேடம். தினமும் எடுக்கறேன், வெச்சுடறேன். மனசு வரல.”

“நல்லதாப் போச்சு. கொடுங்க.”

பையோடு கொடுத்தார். மேலே கொண்டுவந்து தன் பெயரில் உள்ளே நுழைந்தாள். அவருடைய கோப்புகள் கிடந்த வேலை அடைவைத் திறந்தால், ‘அனுமதி மறுக்கப்பட்டது.’ கோப்புகளின் உரிமையாளர் அவர். அவருடைய கணக்கைத்தான் நிர்வாகத்தில் மூடிவிட்டார்களே. உரிமையை மாற்ற ஒரு படிவம் உண்டு. அதுவும் அவள் வடிவமைத்ததுதான். உரிமையாளர் பெயர். கேட்பவர் பெயர். காரணம் என்ற இடத்தில் பட்டியல் விரிந்தது: ராஜினாமா, இடமாற்றம், நீண்ட விடுப்பு, மற்றவை. ‘மற்றவை’யைத் தேர்ந்தெடுத்தாள். அனுப்பியதும் அது சுற்றிக்கொண்டு அவளிடமே வந்து நின்றது, ஏனென்றால் ஒப்புதல் தருகிறவளும் அவள்தான். ஒப்புதல் கொடுத்தால், ‘தன் கோரிக்கைக்குத் தானே ஒப்புதல் தர இயலாது’ என்றது. எவனும் தனக்குத்தானே கதவைத் திறந்துகொள்ளக் கூடாதென்று அவள் பிடிவாதமாக வைத்த தடுப்பு அது. ஆகவே டீம் லீடருக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஒப்புதல் அதிகாரம் கொடுத்தாள். எந்தப் பொத்தான் என்று தெரியாமல் அவர் திண்டாடினார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று, “வலது பக்கம் சார். கீழே. அதுதான்” என்று சொல்லிக்கொடுத்தாள். அழுத்திவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் துடைக்க ஒன்றுமில்லாமல் நின்றாள்.

அடைவு திறந்தது. பதினொரு கோப்பில் எட்டில் ஒரு மாற்றமும் இல்லை. சும்மா பூட்டி வைத்திருந்தார். மூன்றில் வேலை நடந்திருந்தது. அந்த மூன்றும்தான் முட்டின.

முட்டியதற்குக் காரணம் புதுப் பெண். அவள் சேர்ந்து மூன்று வருடமாகிவிட்டது. அவளுக்கு அப்புறம் யாரையும் எடுக்காததால் இன்னும் அந்தப் பெயர் போகவில்லை. பூட்டு திறக்கிற வழியாக இல்லை என்று தெரிந்ததும், அவள் அந்தக் கோப்புகளை வேறு பெயரில் நகல் எடுத்துத் தன் வேலையை அதில் முடித்து வைத்திருந்தாள். இப்போது இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். புதன்கிழமை காலையில் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தப்புதான் மேடம். கேட்காம நகல் எடுத்துட்டேன்.”

“கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன். விடு. ஆரம்பிப்போம்.”

திரை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ‘என்னுடையது’, வலது பக்கம் ‘அவர்களுடையது’. உரிமை மாறிவிட்டதால் அவர் எழுதியதெல்லாம் இப்போது ‘என்னுடையது’ என்று வந்தது. முப்பத்தொரு இடத்தில் மோதல். ஒவ்வொன்றாகப் போனார்கள். புதுப் பெண் வாசிப்பாள், சாவி மேடம் முடிவு செய்வாள்.

“இந்த வரில ஒரு பேரை மட்டும் சார் மாத்தியிருக்காரு.”

“உன்னோடது இருக்கட்டும்.”

“இது சார் பாதில விட்டிருக்காரு மேடம்.”

“உன்னோடது.”

“இதுலயும்...”

“உன்னோடதுதான் முழுசா இருக்கு. எடுத்துக்கோ.”

ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் இடது பக்கத்து வரி சிவந்து மறைந்தது. புதுப் பெண்ணின் குரல் வரவரக் குறைந்தது. “மேடம், வேணும்னா ஒண்ணு ரெண்டு சாரோடதையும் வெச்சுக்கலாமே” என்றாள் கடைசியில்.

“எதுக்கு?”

சாவி மேடம் அடுத்ததற்குப் போனாள்.

இருபத்தேழாவது மோதலில் நின்றார்கள். டிரைவரின் ஓய்வு எப்போது தொடங்குகிறது என்கிற வரி அது. பழைய நிரலில் கடைசி டிரிப் முடிந்த நிமிடத்திலிருந்தே ஓய்வு. புதுப் பெண் பஸ் கம்பெனி கொடுத்த குறிப்பைப் பார்த்து அதோடு பத்து நிமிடம் சேர்த்திருந்தாள். அவர் இருபத்தைந்து சேர்த்திருந்தார். பக்கத்தில் காரணம் எதுவும் எழுதவில்லை.

“குறிப்புல பத்துன்னுதான் இருக்கு மேடம். சார் எங்கேருந்து இருபத்தஞ்சு எடுத்தாருன்னு தெரியல.”

சும்மா ஒரு எண்ணைப் போடுகிற ஆள் இல்லை அவர். அது அவளுக்குத் தெரியும், மனைவியாக இல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். “டிப்போவுக்கே போன் போட்டுக் கேட்டுடுவோம்” என்றாள்.

டிப்போவில் டூட்டி கிளார்க் எடுத்தார். பின்னால் பஸ் என்ஜின் சத்தம். புதுப் பெண் ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“பத்து நிமிஷமா? எந்த மகராசன் எழுதினான்?” என்றார் கிளார்க். “வண்டியைக் கொண்டாந்து நிறுத்தணும். டீசல் பார்க்கணும். ட்ரிப் ஷீட்ல கையெழுத்து. சாவி ஒப்படைக்கணும், அதுக்கு ஒரு வரிசை. இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் ஆயிடும். உங்க ஆபீஸ் சார் ஒருத்தர் நேர்ல வந்து வாட்ச்சை வெச்சுக்கிட்டுக் குறிச்சுட்டுத்தானே போறாரு? அவரைக் கேளுங்களேன்.”

“எந்த சார்?” என்றாள் சாவி மேடம்.

“பேரு கேட்டுக்கல. மெதுவாப் பேசுவாரு. வியாழக்கிழமை ஆனா வந்துடுவாரு. நைட் சர்வீஸ் வண்டியெல்லாம் காலைல அஞ்சரை, ஆறுக்குத்தான் உள்ள வரும், அதைப் பார்க்கணும்பாரு. ஒண்ணு ரெண்டு மணி நேரம் நிப்பாரு, டிரைவருங்களோட டீ குடிப்பாரு, போயிடுவாரு. ரெண்டு மூணு வாரமா ஆளையே காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா?”

புதுப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உங்க டிப்போ எங்க இருக்கு?” என்று கேட்டாள் சாவி மேடம்.

அவர் சொன்னார். நகரத்தின் வடகோடி. அந்த பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டு ஸ்டாப் தள்ளி.

“அவர் இறந்துட்டாரு” என்றாள் அவள். “உங்க டிப்போவுக்கு வர்ற வழியிலதான்.”

“ஐயோ, நீங்க யாரும்மா?” என்றார் கிளார்க்.

“இங்க கோப்பெல்லாம் பார்த்துக்கறவ” என்று சொல்லி நன்றி தெரிவித்து போனை வைத்தாள்.

லேப்டாப்பில் தேடியபோது கிடைத்தது. ஒன்பது வியாழக்கிழமைகள். வண்டி உள்ளே வந்த நேரம், சாவி ஒப்படைத்த நேரம், எண்பத்திரண்டு டிரைவர்கள். சராசரி இருபத்து நாலரை நிமிடம். டீம் லீடருக்கு அவர் ஆறு மாதம் முன்பு அனுப்பிய ஒரு கேள்வியும் அதோடு இருந்தது: நேரில் போய்ப் பார்த்து வரலாமா? கீழே பதில்: ‘கம்பெனி கொடுத்த எண்ணே போதும். அதற்கெல்லாம் நேரமில்லை.’ ஆகவே சொல்லாமல் ஆபீஸுக்கு முந்திய நேரத்தில் போயிருக்கிறார். சொல்லாமல் செய்ததால்தான் பூட்டுக்குக் காரணமும் சொல்ல முடியவில்லை. இனிப் பத்து நிமிடத்தை எவரும் எழுதிவிடக் கூடாதென்று பதினொரு கோப்பையும் பிடித்து வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம். மனைவியிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் சாவி மேடமாகத்தான் பதில் சொல்லியிருப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ.

இருபத்தேழாவது மோதலில் ‘என்னுடையது’ என்பதை அழுத்தினாள். மீதி நாலையும் முடித்துச் சேமித்தார்கள். குறிப்பு எழுதும் இடத்தில், ‘ஓய்வு தொடக்கம் 25 நிமிடம், டிப்போவில் நேரில் அளந்தது’ என்று எழுதி அவர் பெயரையும் தேதிகளையும் போட்டாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் சொன்னாள். “அத்தை, அவர் அந்தப் பக்கம் போனது ஆபீஸ் வேலையாத்தான். டிப்போவுக்கு. தெரிஞ்சுடுச்சு.”

மாமியார் சோபாவிலிருந்து எழவில்லை. “ஆபீஸ் வேலையா?”

“ஆமா அத்தை.”

“அவகிட்ட சொல்லிடு” என்றாள், நாத்தனாரைக் குறித்து. நாத்தனாருக்குப் போன் செய்தபோது அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. “அண்ணி, நான் என்னென்னவோ...” என்றாள். “பரவாயில்ல” என்றாள் இவள். பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தாள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் எதுவும் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. துவைக்கப் போட்டிருந்த துணியை எடுத்துக் கொடியில் உலர்த்தினாள்.

வெள்ளிக்கிழமை புது வெர்ஷன் போனது. இரண்டு வாரத்தில் பஸ் கம்பெனியின் மேலாளர் தாம்தூம் என்று குதித்தார். ஓய்வு நேரம் கூடியதால் டூட்டிகள் இடித்தன. ஆறு டிரைவர்கள் கூடுதலாக வேண்டுமென்று மென்பொருள் சொன்னது. தாங்கள் குறிப்பில் கொடுத்தபடி பத்தாக்கச் சொன்னார். டீம் லீடர் தளர்ந்துபோய் அவளிடம் வந்தார். “கிளையன்ட் கேட்கறாங்க மேடம், என்ன பண்றது?” அவள் ஒன்பது வியாழக்கிழமையையும் அச்செடுத்துக் கையில் கொடுத்தாள். “இதை அவங்களுக்கு அனுப்புங்க சார். இதுக்கப்புறமும் பத்துதான் வேணும்னா, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க.” தூக்கம் போதாத டிரைவருக்கு வண்டி கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட எந்த மேலாளர் முன்வருவார்? அந்தப் பேச்சு அதோடு அடங்கியது. இன்று வரை இருபத்தைந்துதான்.

அழுதாளா என்று கேட்பீர்கள். ஆபீஸிலும் அதைத்தான் பல நாள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்தவரை இல்லை. மாதக் கடைசியில் விலகியவர்களின் பெயர்களை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கும் நாள் வந்தபோது, ராஜினாமா செய்த இரண்டு பேருக்கு நடுவில் அகர வரிசைப்படி அவர் பெயரும் இருந்தது. மூன்றையும் நீக்கினாள். ஐந்து நிமிட வேலை.

விதியில் மட்டும் ஒரு மாற்றம் செய்தாள். பூட்டு எத்தனை நாளாக இருந்தாலும், நகல் போட்டு மெயில் அனுப்புமுன் ஆளை நேரில் போய்க் கேட்க வேண்டும். டீம் லீடர், “நேர்ல போய் என்ன கேட்கணும்னு போடலயே மேடம்?” என்றார்.

“என்ன வேலை நடக்குதுன்னு கேட்டாப் போதும் சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைத் திறந்தாள். யாரோ பாஸ்வேர்டை மறந்திருந்தார்.